நீலப் பேனாவில் எழுதிய டிக்கெட்

பஸ்ஸில் மெஷினில் இருந்து கிழித்துக் கொடுக்கிறார்களே, அந்த டிக்கெட்டில் எழுத்து சில மாதம்தான் நிற்கும். வெயில் பட்டால், வியர்வை பட்டால் அதுவும் கிடையாது. 2022 ஆகஸ்டில் என் மேசைக்கு ஒரு வவுச்சர் கட்டு வந்தது. வேதாரண்யம் பக்கம் உப்பளத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மாலைநேரப் படிப்பு மையம் நடத்தும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் அனுப்பியது. ஏ4 தாள்களில் வரிசையாக ஸ்டேப்ளர் அடித்த டிக்கெட்டுகள். பாதிக்கு மேல் வெறும் வெள்ளைச் சீட்டு. அந்த வெள்ளைச் சீட்டுகளின் மேல் யாரோ நீலப் பேனாவால் தேதி, ஊர், கட்டணம் மூன்றையும் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்கள். நான்கு கோடு நோட்டில் எழுதுவது மாதிரி அப்படி ஒரு ஒழுங்கான கையெழுத்து.

‘திருத்தப்பட்ட ரசீது, ஏற்க இயலாது’ என்று குறிப்பு எழுதினேன். அப்புறம் மதிப்பீட்டு எக்செல் ஷீட்டைத் திறந்து, ‘நிதி நிர்வாகத் திறன்’ என்ற கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு போட்டேன். அந்தக் கட்டத்தில் மூன்றுக்குக் கீழே போனால் அடுத்த வருட நிதி கிடையாது என்பது அவர்களுக்கு நிதி கொடுக்கும், நான் வேலை பார்க்கும் கம்பெனியின் விதி. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அடுத்த ஃபைலை எடுத்துவிட்டேன். அந்த ‘இரண்டு’ மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அது ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பெயர் சூட்டு விழா

என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது சுனாமி. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு என்ஜிஓவின் போர்டு மேல்தான் விழ வேண்டும். யார் எந்தக் குப்பத்தில் என்ன செய்கிறார்கள் என்று ஒருங்கிணைப்பதற்கே தனியாக ஒரு மையம் வைக்க வேண்டியிருந்தது. நான் எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப் பணி முதுகலை, முடித்த கையோடு 2005இல் 4,500 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டு அமைப்புகளுக்கு வண்டி ஓட்டியவர்கள் என்னைவிடக் கூடுதலாக வாங்கினார்கள், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அந்த ரோட்டில் வண்டி ஓட்டுவது என் வேலையைவிடக் கஷ்டம். படகு கொடுக்க வந்தவர்கள்தான் அதிகம். படகு போட்டோவில் நன்றாக விழும். கரையில் தேவைக்கு மேல் படகு நின்றதைப் பார்த்து மீனவர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். கணக்கு எழுத ஒரு ஆளுக்குச் சம்பளம் கேட்டால் மட்டும் யாரிடமும் காசு இருக்காது.

எங்கள் அலுவலகத்தில் கணக்கு பார்த்தவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். சனிக்கிழமை சாயங்காலம் ஃபீல்டில் இருந்து திரும்பியதும் எங்கள் பையை மேசையில் தலைகீழாகக் கவிழ்க்கச் சொல்வார். டீக்கடைத் துண்டுச் சீட்டு, மருந்துக்கடை பில், ஏடிஎம் சீட்டு எல்லாம் கொட்டும். ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கம் தேதி போட்டு அடுக்குவார். மெஷின் பில்லைக் கண்டால் மட்டும் குரல் மாறும். “இதை இப்பவே ஜெராக்ஸ் எடுத்துட்டு வாம்மா. ஆடிட்டர் வர்றப்ப இது வெள்ளைக் காகிதம்.” நான் எரிச்சலோடுதான் போவேன். நாள் முழுக்கக் குப்பத்தில் அலைந்துவிட்டு வந்தவளை ஜெராக்ஸ் கடைக்குத் துரத்துகிறாரே என்று இருக்கும். ஐந்து வருடத்தில் ஒரு ஆடிட்டில்கூட எங்களுக்குப் பயணச் செலவில் ஒரு ரூபாய் அடிபடவில்லை.

அந்தப் பெரியவர் நிதி கொடுக்கும் எந்த ஃபண்டரின் பட்ஜெட்டிலும் கணக்காளர் என்ற பெயரில் இருந்தது கிடையாது. ஒரு ப்ராஜெக்டில் அவர் ‘தகவல் மேலாண்மை ஒருங்கிணைப்பாளர்’, இன்னொன்றில் ‘சமூகக் கண்காணிப்பு அலுவலர்’. அலுவலக வாடகை ‘பயிற்சி மைய வாடகை’ ஆகும். ஓட்டுநர் ‘களப் போக்குவரத்து உதவியாளர்’. நிதி கேட்டு ப்ரொபோசல் எழுதுவது எப்படி என்று கல்லூரியில் ஒரு தாளே இருந்தது, இதை அதில் சொல்லித் தரவில்லை. இந்தப் பெயர் சூட்டு விழாவில் நான் சீக்கிரமே கெட்டிக்காரியாகிவிட்டேன். பொய் சொல்கிறோம் என்று ஒருநாளும் உறுத்தியதில்லை. எங்களுக்குத் தெரியும், ஃபண்டருக்குத் தெரியும், ஆடிட்டருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த பொய்க்கு யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்?

அமெரிக்காவில் 2009இல் ‘ஸ்டான்ஃபோர்டு சோஷியல் இன்னோவேஷன் ரிவ்யூ’ பத்திரிகையில் இரண்டு பேர் இதற்குப் பட்டினிச் சுழல் என்று பெயர் வைத்து எழுதினார்கள். நிர்வாகச் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்று கொடுப்பவர் எதிர்பார்க்கிறார். வாங்குபவர் வயிற்றைக் கட்டி, கணக்கிலும் குறைத்துக் காட்டுகிறார். அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்து, ‘பார், இவ்வளவில் முடிகிறதே’ என்று கொடுப்பவர் அடுத்த முறை இன்னும் குறைக்கிறார். படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் பெரியவர் கதையை யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

‘தங்கச்சி’யில் இருந்து ‘மேடம்’ வரை

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் தங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எல்லாரும் அந்தப் பணத்தைப் பற்றித்தான் பேசினார்கள். எங்கள் வட்டாரத்தில் நாங்கள் பேசியது வேலையைப் பற்றி. பணத்தைக் கொடுப்பதற்கும் ஆள் வேண்டுமே! அதுவரை ஆனந்தில் இர்மா, மும்பையில் டிஸ் என்று பெரிய கல்வி நிறுவனங்களில் படித்தவர்களுக்கும், ஆங்கிலம் தடங்கல் இல்லாமல் வருகிறவர்களுக்கும் மட்டும் திறந்திருந்த கதவு எங்களைப் போன்றவர்களுக்கும் கொஞ்சம் திறந்தது. 2017இல் சென்னையில் ஒரு கம்பெனியில் இந்தச் சமூகப் பணி நிதியைக் கவனிக்கும் சிஎஸ்ஆர் பிரிவுக்கு நேர்காணலுக்குப் போனேன். “என்ஜிஓக்காரங்க பட்ஜெட்ல எங்கெங்க ஒளிச்சு வைப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல?” என்று கேட்டார்கள். “தெரியும் சார்” என்றேன். அந்தப் பதிலுக்குத்தான் வேலை கிடைத்தது என்று நினைக்கிறேன்.

சம்பளம் ஒரே தாவலில் மூன்று மடங்கு ஆனது. பன்னிரண்டு வருடமாகக் கல்யாண வீடுகளில் “சேவைக்கு எதுக்கும்மா சம்பளம்?” என்று கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, முதல் தடவையாக “எந்தக் கம்பெனி?” என்று கேட்டார். ஃபீல்டுக்குப் போனால் பொன்னாடை போர்த்தினார்கள். சுண்டல் தட்டுப் போய் முந்திரி பிஸ்கட் வந்தது. என் நகைச்சுவை உணர்வும் அபாரமாக வளர்ந்துவிட்டது. எதைச் சொன்னாலும் சிரித்தார்கள். கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் யாரும் உண்மை பேச மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? நானே ஒருநாளும் பேசியது கிடையாது. இருந்தாலும் இனிக்கத்தான் செய்தது.

அந்த வேதாரண்யம் அமைப்பை நடத்துபவரை எனக்குச் சுனாமிக் காலத்தில் இருந்தே தெரியும். அப்போது நான் அவரை அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார். ஒரே பெட்டிக்கடையில் கடன் வைத்து டீ குடித்தவர்கள். அவருடைய அமைப்பு ஒரு பெரிய நிறுவனத்தின் வழியாக வந்த வெளிநாட்டு நிதியில் ஓடிக்கொண்டிருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அலுவலகக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது, அதைக்கூடச் சமாளித்தார். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைகளுக்கான எஃப்சிஆர்ஏ சட்டம் திருத்தப்பட்டு, வெளிநாட்டு நிதியை ஒரு அமைப்பு இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது என்று ஆனது. அதைச் சமாளிக்க முடியவில்லை. இப்படித்தான் 2021இல் எங்கள் கம்பெனிக்கு ப்ரொபோசல் போட்டார். ஆன்லைன் கூட்டத்தில் முகம் தெரிந்ததும் நான் “நல்லாருக்கீங்களாண்ணே?” என்றேன். அவர் “வணக்கம் மேடம்” என்றார். பக்கத்துச் சதுரங்களில் என் மேலதிகாரியும் கணக்குப் பிரிவும் இருந்தார்கள். சரி, அதனால்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

பட்ஜெட் 14,60,000 ரூபாய். நான்கு மையம், எட்டு ஆசிரியைகள், சாயங்காலச் சுண்டல், நோட்டு. கடைசியில் நிர்வாகச் செலவு: பகுதிநேரக் கணக்காளர் மாதம் 9,000 வீதம் 1,08,000, அலுவலக வாடகை 72,000, ஆடிட்டர் 25,000, ஃபோன் 12,000. மொத்தம் 2,17,000. கிட்டத்தட்ட 15 சதவீதம். எதையும் ஒளிக்காமல், பெயர் மாற்றாமல், பளிச்சென்று எழுதியிருந்தார். இத்தனை வருடத்தில் என் மேசைக்கு வந்த ஒரே நேர்மையான பட்ஜெட் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது, ‘விவரம் தெரியாத மனுஷன்’.

கணக்காளர், வாடகை என்ற இரண்டு வரிகளையும் அடித்துத் திருப்பி அனுப்பினேன். சட்டப்படி நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான் என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஃபோன் செய்தார்.

“மேடம், அந்தக் கணக்காளரைத் தகவல் மேலாண்மை ஒருங்கிணைப்பாளர்னு மாத்திப் போடட்டுங்களா?”

“அது ஆடிட்ல மாட்டும். நான் ஒத்துக்க முடியாது.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “சரிங்க மேடம்” என்று வைத்துவிட்டார். அந்தத் தந்திரத்தை நான் எத்தனை வருடம் செய்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

ஒரு நாளைக்கு 200 ரூபாய்

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம், இந்தத் துறையில் இருப்பவர்கள் ஏற்கெனவே யூகித்திருப்பார்கள். கணக்காளர் இல்லை. நன்கொடை கொடுப்பவருக்கு வரி குறையும் 80ஜி சலுகை உள்ள அமைப்புகள் அந்த வருடம் வாங்கிய நன்கொடைகளை 10பிடி என்ற படிவத்தில் மே 31க்குள் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. 2021-22 நிதியாண்டுக்குத்தான் அது முதல் முதலாக வந்தது, அவருக்கு அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாது. நாங்கள் நன்கொடைக்கான சான்றிதழ் கேட்ட பிறகு தெரிந்துகொண்டு ஜூலை 17 அன்று தாக்கல் செய்தார். தாமதத்துக்குக் கட்டணம் ஒரு நாளைக்கு 200 ரூபாய். 47 நாளுக்கு 9,400. நான் அடித்த கணக்காளரின் ஒரு மாதச் சம்பளத்தைவிட 400 ரூபாய் கூடுதல். அந்தக் கட்டணத்தை எங்கள் நிதியில் எழுதக் கூடாது என்பதையும் நான்தான் சொன்னேன்.

நிதியைச் செலவழித்ததற்கான சான்றிதழும் தாமதமானது. அதனால் இரண்டாவது தவணையும். மூன்று மாதம் ஆசிரியைகளுக்குச் சம்பளம் இல்லை. அப்புறம் ஆகஸ்டில் அந்த வவுச்சர் கட்டு.

‘இரண்டு’ போட்ட பிறகு செப்டம்பர் கடைசியில் நேரில் போனேன். ஒரு ப்ராஜெக்டை மூடுவதற்கு முன்னால் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. அகஸ்தியம்பள்ளி தாண்டி இரண்டு பக்கமும் உப்பளம். மழைக்கு முன்னால் உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் கண் கூசியது. அலுவலகம் என்பது இப்போது அண்ணன் வீட்டுத் திண்ணையை அடைத்த அறை. உள்ளே மேசைக்குப் பின்னால் இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்து நின்றாள். இரண்டாவது மையத்தின் ஆசிரியை. அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் படிக்கிறாள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு மேல் கணக்கு எழுதுகிறாளாம். அதற்குத் தனியாக எதுவும் இல்லை.

“இந்த டிக்கெட்டெல்லாம் நீ எழுதினதாம்மா?”

“ஆமாங்க மேடம். எழுத்து மங்கிட்டே போச்சு. முழுசா அழிஞ்சிட்டா எவ்வளவுன்னே தெரியாதேன்னு, தெரியுறப்பவே அது மேலயே எழுதிட்டேன்.”

ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, ஏறிய ஊர், இறங்கிய ஊர், என்ன வேலை, எத்தனை ரூபாய். பஸ்ஸின் நம்பரைக்கூட எழுதி வைத்திருந்தாள். டிக்கெட்டில் இருந்த தொகையும் நோட்டில் இருந்த தொகையும் ஒரு இடத்தில்கூட மாறவில்லை. அழிகிற ஒன்றைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழியில் காப்பாற்றியிருக்கிறாள். சென்னையில் இருந்து பார்த்தவளுக்கு அது திருட்டாகத் தெரிந்திருக்கிறது. என்னுடைய ‘திருத்தப்பட்ட ரசீது’ குறிப்பை அச்செடுத்து, துளை போட்டு, அதே ஃபைலில் முதல் பக்கமாக வைத்திருந்தாள்.

“அப்ப இதை எப்படிங்க மேடம் செய்யணும்?” உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், குத்திக் காட்டவில்லை.

“ஜெராக்ஸ் எடுத்து வைக்கணும்மா. அந்த வாரமே.”

“சரிங்க மேடம்.” நோட்டில் எழுதிக்கொண்டாள். ஜெராக்ஸ் கடை வேதாரண்யம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்தான் இருக்கிறது. போய்வர பஸ். அதற்கும் மெஷின் டிக்கெட்தான் கொடுப்பார்கள். நாகப்பட்டினத்துப் பெரியவர் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தை எனக்குச் சொல்ல ஒரு ஆள் இருந்தார். அந்த ஆளை இவளுக்கு இல்லாமல் செய்தது நான். இல்லாமல் செய்துவிட்டு, ‘நிதி நிர்வாகத் திறன்’ போதவில்லை என்று மதிப்பெண்ணும் நானே போட்டேன்.

வெளியே டீ வாங்கிக் கொடுத்தார் அண்ணன். காசு கொடுக்கும்போது “பில் இருக்காண்ணே?” என்று கேட்டுவிட்டேன். பழக்க தோஷம். அவர் சிரித்தார். என் ஜோக்குக்கு மற்றவர்கள் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது.

யாருக்குப் போட்ட கடிவாளம்

ஊர் திரும்பியதும் செய்த முதல் வேலை, அந்த 5 சதவீத விதியைத் தேடிப் படித்தது. ஐந்து வருடமாக அந்த வேலையில் இருக்கிறேன், அலுவலகத்தில் எல்லாரும் சொல்வதைக் கேட்டுத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். 2021 ஜனவரி 22இல் திருத்தப்பட்ட சிஎஸ்ஆர் விதிகள். நிர்வாக மேற்செலவு, கம்பெனியின் அந்த வருட மொத்த சிஎஸ்ஆர் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது 7ஆவது விதி. எது நிர்வாக மேற்செலவு என்பது 2ஆவது விதியில் இருக்கிறது: கம்பெனி தன்னுடைய சிஎஸ்ஆர் வேலைகளின் பொது நிர்வாகத்துக்காகச் செய்யும் செலவு. கம்பெனி செய்யும் செலவு. என் சம்பளம், என் லேப்டாப், நாங்கள் உட்காரும் ஏசி அறை. வேதாரண்யத்துக் கணக்காளரைப் பற்றி அந்த விதியில் ஒரு வார்த்தையும் கிடையாது. எனக்குப் போட்ட கடிவாளத்தைக் கழற்றி அண்ணன் வாயில் மாட்டியிருக்கிறேன்.

மதிப்பெண்ணை மாற்ற முடியுமா என்று கேட்டேன். கமிட்டி முடிவெடுத்துவிட்டது, ஷீட் பூட்டியாகிவிட்டது என்றார்கள். இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. அடுத்த வருடச் சம்பள உயர்வுக்கான பேச்சு நடந்துகொண்டிருந்த மாதம் அது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான்கு மையத்தில் இரண்டு மூடப்பட்டன. அந்தப் பெண்ணின் மையம் மூடியதில் ஒன்று.

எம்எஸ்டபிள்யூ முடித்த பிள்ளைகள் மாதம் இரண்டு மூன்று பேராவது எனக்கு எழுதுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி: சிஎஸ்ஆரில் சேருவது எப்படி? ஃபீல்டில் எப்படிச் சேருவது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கடன் வாங்கிப் படித்திருக்கிறார்கள். இந்தத் தொழிலின் ஏணியை நாங்கள் அப்படித்தான் சாத்தி வைத்திருக்கிறோம்; ஒரு படி ஏறினால் ஊரில் இருந்து ஒரு படி தள்ளிப் போகலாம், சம்பளமும் அந்தக் கணக்கில்தான் ஏறும். முன்பெல்லாம் ரெஸ்யூமே எழுதும் முறை, எக்செல், ஆங்கிலம் என்று பதில் போடுவேன். இப்போது, முதலில் ஒரு சின்ன அமைப்பில் ஒரு வருடம் வவுச்சர் எழுதிவிட்டு வா என்கிறேன். இரண்டாவது மெயில் பெரும்பாலும் வருவதில்லை.

பிப்ரவரி பிறந்தால் எங்கள் அலுவலகத்தில் வேறு மாதிரி அவசரம். மார்ச் 31க்குள் பணம் செலவாக வேண்டும். “இருபது லட்சம் இருக்கு, ஒரு மாசத்துல முடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?” என்று நானே அமைப்புகளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். ஸ்மார்ட் டிவி வாங்கலாம், பெஞ்ச் வாங்கலாம். ஆள் சம்பளத்தை ஒரு மாதத்தில் செலவழிக்க முடியாது. அதனால் டிவி வாங்குவோம்.

இந்த வருடம் பட்ஜெட் படிவத்தை மாற்றச் சொல்லி மூன்று பக்கக் குறிப்பு ஒன்று எழுதிக் கொடுத்தேன். ‘கணக்காளர்’ என்ற வரி படிவத்திலேயே அச்சாகி இருக்க வேண்டும், யாரும் வேறு பெயர் சூட்ட வேண்டியதில்லை என்று. நிதித் துறைத் தலைவர் படித்துவிட்டு, “நாலு சென்டர் நடத்தறவங்களுக்கு அக்கவுண்டன்ட் எதுக்கு?” என்று கேட்டார். “உங்க டிபார்ட்மென்ட்ல எத்தனை பேர் சார்?” என்றேன். “ஆடிட் சமயத்துல வர்றவங்களையும் சேர்த்தா இருபத்தாறு” என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் சிரித்தார். நிர்வாகச் செலவுக்கு 15 கேட்டேன், 10 சதவீதம் வரைக்கும் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வேதாரண்யத்துக்கு எழுதியிருக்கிறேன், மறுபடி ப்ரொபோசல் போடச் சொல்லி. இன்னும் பதில் வரவில்லை. அவருடைய பழைய பட்ஜெட்டை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன். 14,60,000இல் 10 சதவீதம் 1,46,000. கணக்காளருக்கு 1,08,000, ஆடிட்டருக்கு 25,000. ஃபோனை விட்டுவிட்டால் வாடகைக்கு மாதம் 1,083 ரூபாய் மிஞ்சுகிறது.